பின்னால் பார்க்க ஒரு ஆள்

பிச்சைமணிக்குத் தலைக்கனம் என்று சுருளிப்பட்டியில் ஒரு பேச்சு இருந்தது. பக்கத்தில் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டான். யாராவது தோளைத் தொட்டால், காலை மாற்றி மாற்றி வைத்து, ஆளே மொத்தமாகச் சுற்றி, எதிரில் வந்து நின்ற பிறகுதான் "என்னப்பா?" என்பான். சொந்த ஜீப் வைத்திருக்கிறவனுக்கு இந்த மிடுக்குகூட இருக்காதா என்று ஊரே ஒரு காரணத்தையும் கட்டிக்கொண்டது. காரணத்துக்கு என்றைக்குமே ஊரில் பஞ்சமில்லை.

உண்மையில் அவனுக்குக் கழுத்து திரும்பாது. அது அவனுக்கும் அவன் மனைவி சண்முகத்தாய்க்கும் மதுரையில் ஒரு டாக்டருக்கும் மட்டும் தெரியும்.

முப்பது வயதில் தொடங்கிய வினை அது. விடியும்போது இடுப்பு பலகையாக இறுகிக் கிடக்கும். எழுந்து நடமாடினால் கொஞ்சம் கொஞ்சமாக இளகும், படுத்தால் கூடும். "நோக்காடுன்னா படுத்தாக் கொறையணும். இதென்னடா ஊர்ல இல்லாத நோக்காடு?" என்று அவனுடைய அப்பாவே சிரித்தார். ஜீப் சீட்டைக் குற்றம் சொன்னார்கள். எண்ணெய் போட்டு நீவினார்கள். ஒரு வைத்தியர் குப்புறப் படுக்கவைத்து முதுகில் ஏறி மிதித்தார். கடைசியில் மதுரை டாக்டர்தான் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிச் சொன்னார். முதுகெலும்பு மூட்டுகளில் வீக்கம் வருகிறது, வீக்கம் வந்த இடத்தில் புது எலும்பு வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது, ஒட்டியதைப் பிரிக்க முடியாது, ஒட்டாமல் தள்ளிப்போடப் பார்க்கலாம் என்றார்.

மாத்திரை கேட்டது. மூன்றாம் நாள் காலையில் பிச்சைமணி குனிந்து தானே செருப்பு வாரை மாட்டினான். அடுப்படியில் நின்று அதைப் பார்த்த சண்முகத்தாய் அழுதுவிட்டாள். ஆறு வருடம் அந்த மாத்திரை அவனைத் தாங்கியது. பிறகு, இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் ஐப்பசி மழையோடு, தாங்காமல் போயிற்று. அதே மாத்திரை, அதே வேளை, அதே சோற்றுக்குப் பிறகு. ஆனால் விடிந்தால் பழைய பலகை. அளவைக் கூட்டினார்கள், வயிறு எரிந்தது. வேறு மஞ்சள் மாத்திரை மாற்றினார்கள், மூத்திரம்தான் மஞ்சளாகப் போனது. அந்த ஒரு வருடத்தில் வலி முதுகிலிருந்து மெல்ல மேலே ஏறிக் கழுத்தில் உட்கார்ந்துகொண்டது.

வெளிநாட்டு ஊசி ஒன்று வந்திருக்கிறது, அது சிலருக்கு நன்றாகக் கேட்கிறது என்றார் டாக்டர். விலையைச் சொன்னதும் சண்முகத்தாய் சிரித்துவிட்டாள். சிரித்தது தப்பு என்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கம்பம் பஸ் வரும்வரை நின்றாள்.

பிச்சைமணியின் பிழைப்பு ஜீப்தான். தினமும் விடிகாலையில் பதினாலு பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பம் வழியாக மெட்டு ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் திரும்பக் கொண்டுவர வேண்டும். பதினாலில் ஒருத்தி சண்முகத்தாய். முன்னால் ஓட்டுவதில் அவனுக்குச் சிக்கல் இல்லை. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றும் கைக்குத் தெரியும். கூடுதலாக இரண்டு கண்ணாடி மாட்டியிருந்தான். தோட்டத்து கேட்டில்தான் உயிர் போகும். ஒரு பக்கம் கல்சுவர், ஒரு பக்கம் சரிவு. பெண்கள் இறங்கியதும் ரிவர்ஸ் எடுத்துத்தான் வண்டியைத் திருப்ப வேண்டும். கண்ணாடியில் தெரிந்தது போக, வண்டியின் வால் பக்கத்தில் ஓர் ஆள் குனிந்து நிற்குமளவு இடம் தெரியாது. கழுத்துள்ள மனிதன் எட்டிப் பார்த்துக்கொள்வான்.

அதனால் சண்முகத்தாய் முதலில் இறங்கிப் பின்னால் போய் நிற்பாள். "வரட்டும்... வரட்டும்... ஹோல்டான்!" என்று கண்டக்டர் மாதிரி குரல் கொடுப்பாள். புருசன் வண்டிக்குப் பெண்டாட்டி கிளீனர் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அந்தக் கேலிக்குள் இருவரும் நிம்மதியாக ஒளிந்திருந்தார்கள்.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. மெட்டு டீக்கடையில் கூடும் டிரைவர்கள், பிச்சைமணி திரும்பிப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுப்பதைக் கவனித்துவிட்டார்கள். அதைத் திறமை என்று எடுத்துக்கொண்டார்கள். லாரி ஓட்டிவிட்டு வேலையில்லாமல் ஊர் திரும்பியிருந்த சுருளியாண்டிதான் இதில் பெரிய விசிறி. "அண்ணன் கழுத்தத் திருப்பிப் பாத்தீகளாடா? நெஞ்ச நிமித்திக்கிட்டு, கண்ணாடியிலயே பாத்து எடுத்துருவாக. நம்மள மாதிரி கோழி கணக்காத் தலைய நீட்ட மாட்டாக" என்பான். பிச்சைமணி டீயை உறிஞ்சிக்கொண்டு சும்மா இருப்பான். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு, சொல்லத்தான் வேண்டும், அந்தப் புகழ்ச்சி அவனுக்குப் பிடித்துப்போனது. உடம்பு ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்த காலத்தில் சும்மா கிடைத்த ஒரே பெருமை அது.

இரண்டாயிரத்து ஐந்து சித்திரையில் வீரபாண்டித் திருவிழா வந்தது. புருசனின் கழுத்துக்காக கௌமாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக சண்முகத்தாய் நேர்ந்திருந்தாள். அவளோடு நாலு பெண்கள் திருவிழாவுக்குப் போனார்கள். மீதி ஒன்பது பேரோடு பிச்சைமணி மலையேறினான்.

தோட்டத்து கேட்டில் எல்லோரும் இறங்கினார்கள். பக்கத்துத் தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்த இரண்டு டிரைவர்கள் சுவரில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வண்டியில் சும்மா ஏறி வந்திருந்த சுருளியாண்டியும் அங்கே நின்றான். "இந்தா, இப்பப் பாருங்க" என்று அவன் சொன்னது பிச்சைமணியின் காதில் விழுந்தது. 'யாராவது பின்னால் பாருங்கள் ஆத்தா' என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒன்பது பேரில் யார் மாட்டேன் என்றிருப்பார்கள்? வாய்வரை வந்தது. மூவரின் கண்ணும் தன்மேல் இருந்ததால் அதை விழுங்கிவிட்டு ரிவர்ஸ் கியரைப் போட்டான்.

அலறல் கேட்ட பிறகுதான் பிரேக்கை மிதித்தான்.

ஒன்பது பேரில் ஒருத்தியான ஜக்கம்மாவின் தூக்குவாளி மூடி கழன்று வண்டிக்கு அடியில் உருண்டிருக்கிறது. அவள் குனிந்திருக்கிறாள். பின்சக்கரம் வலது பாதத்தில் ஏறி நின்றது. பிச்சைமணி வண்டியை முன்னால் எடுத்து, இறங்கி, உடம்போடு சுற்றித் திரும்பிப் பின்னால் போய்ச் சேர்வதற்குள் மற்ற பெண்கள் அவளைத் தூக்கியிருந்தார்கள். செருப்பு பாதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிச்சைமணியின் ஜீப்பைச் சுருளியாண்டிதான் கம்பம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனான்.

பாதத்தில் மூன்று எலும்பு உடைந்திருந்தது. கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஜக்கம்மா சொன்னாள்: "அண்ணன ஒண்ணும் சொல்லாதீக. எம்மேலதான் தப்பு. வண்டி வருதுன்னு தெரிஞ்சும் மூடிக்காகக் குனிஞ்சேன், புத்திகெட்ட சிறுக்கி." எல்லோரும் ஆமாம் என்றார்கள். கேஸ் எதுவும் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். பதினெட்டு வருடமாக ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று பிச்சைமணியைத்தான் தேற்றினார்கள். அவன் தேறியவன் போல நின்றான்.

இரண்டு நாள் கழித்து நெற்றி நிறையக் குங்குமத்தோடும் கையில் சூட்டுக் கொப்புளத்தோடும் சண்முகத்தாய் வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்தாள்.

"சொல்லிப்புடவா?" என்றான் பிச்சைமணி.

"சொல்லி? நாளைக்கு ஒருத்தி ஏறுவாளா நம்ம வண்டியில? நான் இனிமே எங்கனயும் போக மாட்டேன். நானே பின்னாடி நிக்கிறேன். வாயத் தொறக்காதீக."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, பிழைக்கிறவர்களின் நியாயம். இருபது நாள் அப்படியே ஓட்டினான். ரிவர்ஸ் போடுமுன் சண்முகத்தாயின் குரலை இரண்டு தரம் கேட்டுக்கொண்டான். இருபத்தோராம் நாள் ஜக்கம்மா வீட்டிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்காய் வந்தது. அவள் வீட்டு மரத்தில் காய்த்தது. 'அண்ணன் சரியாச் சாப்பிடுறதில்லயாம், வேலைக்குப் போற ஆளு, கொழம்பு வச்சுக் குடுக்கச் சொல்லுங்க' என்று சொல்லியும் விட்டிருந்தாள். அன்று ராத்திரிக் குழம்பு அவனுக்கு இறங்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

மறுநாள் சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு நேரே அவள் வீட்டுக்குப் போனான். வாசலை ஒட்டி இடது பக்கம் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். அவன் அடியடியாகச் சுற்றி அவளுக்கு எதிரே வந்து நின்றான்.

"ஆத்தா, நான் அன்னைக்குப் பின்னாடி பாக்கல."

"கண்ணாடியிலதான பாப்பீக? தெரியும்ணே."

"கண்ணாடியில முழுசாத் தெரியாது. திரும்பித்தான் பாக்கணும். எனக்குக் கழுத்து திரும்பாது தாயி. எலும்பு ஒட்டிப்போச்சு. மருந்து சாப்பிட்டேன், மொதல்ல கேட்டுச்சு, இப்பக் கேக்கல. ஒரு வருசமாச்சு. தெனமும் எம் பொஞ்சாதிதான் எனக்குப் பதிலாப் பாப்பா. அன்னைக்கு அவ இல்ல. ஒங்கள்ல ஒரு ஆளப் பாக்கச் சொல்லிருக்கணும். சொல்லல."

ஜக்கம்மா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"திருப்புங்க, பாப்போம்."

அவன் திருப்பினான். கண்மணிகள் ஓரத்துக்குப் போயின, தோள் நகர்ந்தது, தலை இருந்த இடத்தில் இருந்தது. அவள் வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது.

"அப்ப எந் தப்பு இல்லியா? இருபது நாளா எங்க மாமியாகிட்ட ஏச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்கேனே. ஒரு மூடிக்காகக் கால வித்துட்டு வந்தவன்னு அந்தக் கெழவி ஊரெல்லாம் சொல்லுது. நானும் ஆமாம் ஆமாம்னு என்னையே வஞ்சுக்கிட்டுக் கெடந்தேனே! ஒரு வருசமாப் பதினாலு பொம்பளைக உசுரு ஒங்களுக்கு வெளையாட்டாப் போச்சாண்ணே?"

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

"முருங்கக்கா வேற குடுத்துவிட்டேன்" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "போங்க. ஒங்க கை ஓட்டுற வண்டியில இனி ஏற மாட்டேன்."

அவன் போனான். ஊர் கூடி ஏசியதை எல்லாம் விரித்துச் சொல்வானேன்? ஏசினார்கள். நாலு பேர் வேறு ஜீப்புக்குப் போனார்கள். சண்முகத்தாய் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே சாவியை எடுத்துக் கையில் கொடுத்து, "போயி குடுத்துட்டு வாங்க" என்றாள். சாவியைச் சுருளியாண்டியிடம் கொடுத்து, இனிமேல் நீ ஓட்டு என்றபோது அவனுக்குத் திகைப்பு தீரவில்லை.

"அப்ப அது தெறமை இல்லையாண்ணே?"

"இல்லடா. நோவு."

சுருளியாண்டி எதையோ பறிகொடுத்தவன் போல நின்றான்.

வீட்டில் இருந்துவிடலாம் என்றுதான் பிச்சைமணி நினைத்தான். ஆனால் அந்த நோய் படுத்தவனை விடாது. உட்கார உட்கார இறுகியது. மேலே தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ள ஆள் கேட்டார்கள். அந்த அறையின் சூடு முதுகுக்கு இதமாக இருந்தது. மாத்திரை செய்யாததில் கால்வாசியை அது செய்தது. மீதி முக்கால்வாசி வலியோடு இருக்கப் பழகினான். ஜீப்பில் அவனுக்கு முன்சீட்டு ஒத்துவரவில்லை. பின்பக்கப் பலகையில், காலைத் தொங்கப்போட்டு, போகிற பாதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். பதினெட்டு வருடம் முன்கண்ணாடி வழியாகப் பார்த்த வளைவுகள் ஒவ்வொன்றாக அவனை விட்டு விலகிப்போவதை அங்கிருந்து பார்த்தான். முதல் நாள் அதைப் பார்க்கக் கண்ணீர் வந்தது. தோளில் துடைத்துக்கொள்ளக் கழுத்து சாயாததால் கையைத்தான் முகத்துக்குக் கொண்டுவந்தான்.

கேட்டில் குரல் கொடுக்கும் வேலையை சண்முகத்தாய் அவனுக்கு விட்டுக்கொடுத்தாள். பின்னால் பார்த்தே உட்கார்ந்திருக்கிறவனுக்குத் திரும்ப வேண்டிய தேவை இல்லை.

ஆவணியில் காய் எடுப்புக்கு ஆள் தட்டுப்பாடு. ஒருநாள் விடிகாலையில் ஜக்கம்மா காலை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். "யாரு ஓட்டுறாக?" என்று கேட்டாள். சுருளியாண்டி என்றதும் முன்பக்கமாகப் போய் ஏறிக்கொண்டாள். பின்பலகையில் இருந்தவனைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தோட்டத்து கேட்டில் எல்லோரும் இறங்கினார்கள். சுருளியாண்டி ரிவர்ஸ் போட்டான்.

"வரட்டும்... வரட்டும்..." என்றான் பிச்சைமணி.

சரிவுப் பக்கம் இறங்கியிருந்த ஜக்கம்மா, தூக்குவாளியோடு, சுவர்ப் பக்கம் போக வண்டிக்குப் பின்னால் வந்தாள். வேண்டுமென்றே வந்தாளா, மறதியில் வந்தாளா என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

"ஹோல்டான்!"

வண்டி குலுங்கி நின்றது. அந்தக் குலுக்கல் அவன் முதுகெலும்பு முழுக்க ஏறி மண்டையில் இடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். ஜக்கம்மா அன்று குனிந்த அதே இடத்தில் நின்று, நேருக்கு நேராக அவனைப் பார்த்தாள்.

"பாத்துட்டீகளாண்ணே?"

"பாத்துட்டேன், ஆத்தா."

அவள் மெல்ல நடந்தாள். வலது பாதம் மண்ணில் கோடு இழுத்துக்கொண்டே போனது. அவள் சுவரைத் தொடும்வரை அவன் கையை உயர்த்திப் பிடித்திருந்தான். அதற்குப் பிறகு "வரட்டும்" என்றான்.