பசிக்குக் காத்திருந்த நாலு மாதம்

எண்பது கிலோ இருந்தேன். சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. திருவொற்றியூரில் எங்கள் தெருவில் என்னிடம் ஜாக்கெட் தைக்காத பெண் கிடையாது. எல்லோருடைய இடுப்பளவும் என் நோட்டில் இருக்கிறது, அதனால் யாரும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட முடியாது. ஆனால் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் என் எடையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

விஷயம் என் தம்பி நிலவனைப் பற்றியது. அவனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வியாசர்பாடியிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸுக்குப் போய்ப் படுக்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. முப்பத்தாறு வயது, பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்தச் சனியன் பிடித்த வியாதி வந்தது. அப்பா, அம்மா இல்லை. கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். பரிசோதனை எல்லாம் செய்து பார்த்து, என் கிட்னி அவனுக்குப் பொருந்தும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அன்றைக்கே ஆபரேஷனுக்குப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"இந்த எடையில ஆபரேஷன் பண்ணா உங்களுக்கு ஆபத்தும்மா" என்றார் டாக்டர். "எட்டு கிலோ குறைச்சிட்டு வாங்க. நாலு மாசம் டைம். அதுக்கு மேல உங்க தம்பி உடம்பு தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது."

எட்டு கிலோதானே என்று வீட்டுக்கு வந்து பட்டினி கிடந்தேன். மூன்றாம் நாள் தையல் மெஷின் மேலேயே மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விஷயம் பார்க்கிற பெண் மகிமாவிடம் அனுப்பினார்கள். என் மகள் வயதுதான் இருக்கும். என்னை உட்காரவைத்து, "பட்டினி கிடந்து வந்தா உங்க கிட்னிய எடுக்கவே மாட்டாங்கம்மா" என்றாள். அப்புறம், "ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுவீங்க?" என்று கேட்டாள்.

"எல்லாரையும் மாரி மூணு வேளதான்."

"யார் யாரோட, எப்பெப்போன்னு சொல்லுங்க."

சொன்னேன். என் வீட்டுக்காரர் குணசேகரன் மணலியில் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறார். ஆறு மணி ஷிப்ட். விடிகாலை ஐந்துக்கு அவரோடு உட்கார்ந்து இரண்டு இட்லி. மகள் மகிழினிக்கு கால் சென்டரில் ராத்திரி வேலை. காலை ஏழுக்குக் களைத்துப்போய் வருவாள், அவளோடு இரண்டு தோசை. மதியம் பசி நேரம், அது என் சொந்தச் சாப்பாடு. மூன்று மணிக்கு அவர் வருவார், அவரோடு சோறு. சாயங்காலம் மகள் கிளம்புமுன் அவளோடு ஏதாவது ஒரு வாய். ராத்திரி ஒன்பதுக்கு மறுபடி அவரோடு.

மகிமா விரல் விட்டு எண்ணினாள். ஆறு.

"ஆறு வேளையாம்மா!"

அட கடவுளே, எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். ஆனால் வேறு எப்படி? ஷிப்டுக்கார வீட்டில் ஒரு ஆளைத் தனியாக உட்காரவைத்துச் சோறு போட்டால் அது வீடா, மெஸ்ஸா? எங்கள் அம்மா அப்படித்தான் அப்பாவோடு உட்கார்ந்தாள். என் மாமியாரும் அப்படித்தான். தட்டைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தால்தான் அது பரிமாறுவது.

"கூட உட்காருங்க, வேணாம்னு சொல்லல. ஆனா உங்களுக்குப் பசிச்சா மட்டும் சாப்பிடுங்க" என்றாள் மகிமா. "சாப்பிடறதுக்கு முன்னாடி வயித்துல கை வெச்சு, பசிக்குதான்னு கேளுங்க. மெதுவா மென்னு சாப்பிடுங்க. போதும்னு தோணுச்சுன்னா எழுந்துடுங்க. காய் அதிகம், சோறு கம்மி. அவ்ளோதான்."

எனக்கு வந்ததே கோபம்! நாற்பத்தாறு வயதில், ஒரு பிள்ளை பெற்று வளர்த்தவளிடம் பசி என்றால் என்னவென்று பாடம் நடத்துகிறாள். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு வயிற்றில் கை வைத்தேன். ஒரு பதிலும் இல்லை. ஏழு மணிக்கு வைத்தேன். இல்லை. எட்டுக்கு ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டே காத்திருந்தேன். ஒன்பது, ஒன்பதரை. பசிக்கிறதா, வாய்தான் எதையாவது கேட்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பத்தே முக்காலுக்கு அடிவயிற்றுக்கு மேலே சின்னதாக ஒரு உறுமல் கேட்டது. அப்புறம் லேசாக ஒரு இழுப்பு. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். இப்படி ஒன்று என் உடம்பில் இருப்பதையே நான் மறந்து எத்தனை வருஷம் ஆகிறதோ! மூன்று இட்லி எடுத்து வைத்துக்கொண்டு, செல்லைப் பார்க்காமல், பேசாமல் தின்றேன். இரண்டாவது இட்லி முடியும்போதே போதும் என்று இருந்தது. மூன்றாவதை மூடி வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், இட்லி அவ்வளவு ருசியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

கஷ்டம் வயிற்றில் இல்லை, வீட்டுக்காரரிடம் இருந்தது. மூன்று மணிக்கு அவருக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே சும்மா உட்கார்ந்தேன்.

"இன்னாமே, உன் தட்டு எங்க?"

"பசிக்கலய்யா. நான் அப்பவே துன்னுட்டேன்."

"கோவமா?"

"இல்லய்யா."

"நேத்து ஓங் கொழுந்தனாண்ட போன்ல பேசுனன், அதுக்கா?"

"அய்ய, கோவமே இல்லன்றன்ல! சாப்புடு."

"நீ கை நனைக்காத எனக்குச் சோறு எறங்காதுமே" என்று தட்டைத் தள்ளிவிட்டார். எங்கள் பக்கம் பெண்பிள்ளை சாப்பிடாமல் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவருக்குப் புரியவைக்க ஒரு வாரம் பிடித்தது. தினமும் இன்றைக்கு என்ன கோபம் என்று ஒரு புதுக் காரணம் கண்டுபிடித்து அவரே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அதில் எனக்கே தெரியாத இரண்டு விஷயம் வெளியே வந்தது, அது வேறு கதை.

அந்த வாரத்தில்தான் அவர் சாப்பிடுவதை முதன்முதலாகப் பார்த்தேன். இருபத்து மூன்று வருஷம் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம், நான் என் தட்டைத்தான் பார்த்திருக்கிறேன். மனுஷன் ஐந்து நிமிஷத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறார். "யோவ், யாரு தொரத்துறாங்க? மென்னு துன்னு" என்றேன். சிரித்தார். அதற்குப் பிறகு நான் சும்மா உட்கார்ந்திருக்க, அவர் பேசிக்கொண்டே சாப்பிடப் பழகிவிட்டார்.

முதல் மாதம் மூன்று கிலோ போனது. இரண்டாவது மாதம் இன்னும் மூன்று. மகிமா கை தட்டினாள். அப்புறம் நின்றுவிட்டது. மூன்றாவது மாதக் கடைசியில் எடை மெஷின் முள் எழுபத்து நான்கைத் தாண்டி இருநூறு கிராம் மேலே ஏறியிருந்தது. இன்னும் ஒரே மாதம்தான். தம்பிக்குக் கால் வீங்க ஆரம்பித்திருந்தது. அன்றைக்கு நான் எடை மெஷினிலிருந்து இறங்காமல் அப்படியே நின்றேன்.

"எல்லாத்தையும் எழுத வேணாம்மா" என்றாள் மகிமா. "பசிக்காம எப்பல்லாம் சாப்பிட்டீங்களோ, அத மட்டும் எழுதுங்க. யார் இருந்தாங்கன்னும் எழுதுங்க."

ஜாக்கெட் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். இரண்டு வாரம் கழித்துப் புரட்டினேன். புதன்கிழமை, பர்மாக்காரர் கடை அத்தோ நூடுல்ஸ், நிலவன். ஞாயிற்றுக்கிழமை, பீஃப் பிரியாணி, நிலவன். புதன்கிழமை, ஆட்டுக்கால் பாயாவும் இடியாப்பமும், நிலவன். ஞாயிற்றுக்கிழமை, மறுபடி பிரியாணி, நிலவன். வேறு ஒரு பெயரும் அந்தப் பக்கத்தில் இல்லை.

மூன்றாவது மாதம் ஆரம்பித்ததிலிருந்து அவன் வாங்கிவருவதை எப்படி வேண்டாம் என்று சொல்வது? டயாலிசிஸ் முடித்த மறுநாள், நடக்கவே தெம்பில்லாதவன், வியாசர்பாடியிலிருந்து இரண்டு ஷேர் ஆட்டோ மாறி அக்காவுக்கென்று வாங்கி வருகிறான். எதிரே உட்கார்ந்து, "சூடா கீதுக்கா, துன்னு" என்பான். அவன் ஒரு பருக்கை தொடமாட்டான். இரண்டு வருஷமாக அவனுக்குப் பசி என்பதே இல்லை. வாயில் இரும்பு வாடை என்பான். சாப்பாட்டு வாசனை வந்தாலே குமட்டும்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. சாப்பாட்டு வாசனையே ஆகாதவன் பிரியாணிக் கடை அண்டா பக்கத்தில் வரிசையில் நிற்கிறானா?

ஞாயிற்றுக்கிழமை வந்தான். பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டினான். ஆவி பறந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மூச்சை அடக்கினான், அதையும் பார்த்தேன். நான் வயிற்றில் கை வைத்தேன்.

"பசிக்கலடா."

"ரெண்டு வாய் துன்னுக்கா. ஆறிப்போய்டும்."

"ஆறட்டும். நிலவா, அந்த வாசன ஒனக்கு ஆவாதே, கடையில எப்டிடா நிக்கிற?"

"மூக்குல கர்சீப் கட்டிக்கினு நிப்பேன்."

"எதுக்குடா அவ்ளோ பேஜாரு?"

தட்டை என் பக்கமாக இன்னும் நகர்த்தினான். நான் விடவில்லை. நோட்டை எடுத்துவந்து கடைசிப் பக்கத்தை அவன் முன்னால் விரித்துப் போட்டேன். தன் பெயரைப் படித்தான், மறுபடியும் படித்தான்.

"நீ கொறையக் கூடாதுன்னுதான் வாங்கியாந்தேன்" என்றான் கடைசியில், என் முகத்தைப் பார்க்காமல்.

"இன்னாடா சொல்ற?"

"எடை கொறையலன்னா ஆபரேசன் பண்ண மாட்டாங்க இல்ல? ஒன்ன அறுத்து எட்த்து நான் எழுந்து நடக்கணுமாக்கா? மகிழினிக்கு இன்னும் கல்யாணம் ஆவல. நாளைக்கு ஒனக்கு எதுனா ஒண்ணுன்னா மாமா மூஞ்சிய நான் எப்டிப் பாப்பேன்? வேணாம்னு சொன்னா நீ கேக்க மாட்ட. அதான்."

"அடப்பாவி!" வீடே அதிரக் கத்திவிட்டேன். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த மகிழினி எழுந்து ஓடி வந்தாள். "நான் ஒவ்வொரு பருக்கையா எண்ணி மென்னுகினு கீறேன், நீ ஊட்டி ஊட்டி ஏத்துறியா? சாவணும்னு முடிவு பண்ணிட்டியா நீ?"

"நீ நல்லா இருக்கணும்னு நெனச்சேன்க்கா" என்று அழுதான். ஒன்றரை மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்து என்னை ஏமாற்றியவன், சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "கேளுடா. இவ்ளோ வயசு வரிக்கும் என் வயிறு எனக்கே தெரியாது. எப்பப் பசிக்குது, எவ்ளோ வேணும், ஒண்ணுமே தெரியாத அள்ளிப் போட்டுகினு இருந்தேன். இப்பதான் கத்துக்கினேன். எது போதும்னு இப்ப என் ஒடம்பு சொன்னா எனக்குக் கேக்குது. டாக்டரும் எல்லாம் பாத்துட்டு சொல்லிட்டாரு. எனக்கு ஒரு கிட்னி போதும்டா. இன்னொண்ண எட்த்துக்கோ."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். மகிழினி பிரியாணித் தட்டைச் சத்தமில்லாமல் உள்ளே எடுத்துப்போனாள். அப்பாவும் மகளுமாகச் சாயங்காலம் அதைச் சூடு பண்ணித் தின்றார்கள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை நிலவன் வரவில்லை. அடுத்த ஞாயிறு வந்தான், வெறுங்கையோடு. அக்கா வீட்டுக்கு வெறுங்கையோடு வர அவனுக்குக் கூச்சம், வாசலிலேயே நின்றான். "உள்ள வாடா" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அன்றைக்கு நாங்கள் கிட்னி பற்றிப் பேசவே இல்லை. கிளம்பும்போது மட்டும், "எடை எப்போ போடுவாங்க?" என்று கேட்டான்.

நாலாவது மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது எடை போட்டார்கள். எழுபத்தொன்று, எண்ணூறு கிராம். மகிமா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவள்மேல் பஸ்ஸில் நான் பட்ட கோபத்தை எல்லாம் மனதுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஆபரேஷன் நடந்தது. என்னை மறுநாளே எழுந்து நடக்கச் சொன்னார்கள். அவனைத் தனியறையில் வைத்திருந்தார்கள், யாரும் உள்ளே போகக் கூடாது. புதுக் கிட்னி வேலை செய்கிறது என்றார்கள், சிறுநீர் நன்றாகப் போகிறது என்றார்கள். கஞ்சி கொடுத்தால் மட்டும் மருந்து மாதிரி கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறான் என்று நர்ஸ் சொன்னாள். எனக்கு அது ஒன்றுதான் மனதை அரித்துக்கொண்டிருந்தது.

நாலாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். குணசேகரன் கொண்டுவந்த இட்லியை நான் மென்றுகொண்டிருந்தபோது செல் அடித்தது. நிலவன்.

"யக்கா."

"சொல்றா கண்ணு."

"வயித்துல ஒரு மாரி கீதுக்கா. இஸ்துகினு இஸ்துகினு வுடுது. சத்தம் வேற போடுது."

எனக்கு உயிரே போய்விட்டது. "வலியாடா? நர்ச கூப்புடு மொதல்ல!"

"வலி இல்லக்கா." அவன் மூக்கை உறிஞ்சி வாசனை பிடிப்பது செல்லில் கேட்டது. "ரூம் பூரா சாம்பார் வாசன வருது. இது பசிதானாக்கா?"

தையல் போட்ட இடம் இழுத்தது. ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கப் பார்க்க, வாய்விட்டு அழுதேன்.

"பசிதான்டா" என்றேன். "சோறு கேளு."