லிஃப்டை நிறுத்தியவருக்கு ஒரு சொல்

1

இந்தக் கதை, ஒரு சொல்லைத் தேடிப் போய் மாட்டிக்கொண்டதில் பிறந்தது. நாளைக் காலை லிஃப்ட் கம்பெனி அதிகாரி வந்து, என் அக்கா கணவர் செய்தது சரியா என்று என்னிடம் கேட்கப்போகிறார். என் பதிலைப் பொறுத்து அத்தானின் வேலை நிலைக்கும், அல்லது போகும். எழுதிப் பார்த்தால் தெளியும் என்று உட்கார்ந்தேன். இதுவரை தெளியவில்லை.

2

"விவேகம் நிறைந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார்."

(அடித்துவிட்டேன். விவேகம் மேடையில் மாலை போட்டுக்கொண்டு வரும் சொல். எங்கள் வீட்டில் யாரும் அதைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னதில்லை.)

"அவர் ஜாக்கிரதையானவர், ஏனென்றால்

(ஏனென்றால் என்ன? நாய் வளர்க்கிறவர்கள் கேட்டில் மாட்டுகிற சொல். விடுங்கள்.)

2, மறுபடியும்

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்பின் லிஃப்டைப் பராமரிப்பவர் அத்தான்தான். இறுக்கிய திருகாணியையே திரும்ப இறுக்கிப் பார்ப்பதால் இங்கே அவருக்குப் பெயர் 'இன்னொருவாட்டி'. போன வாரம் நானும் அவரும் மேலே போய்க்கொண்டிருந்தோம். நான் ஏதோ வம்பு பேசிக்கொண்டிருந்தேன். சட்டென்று கையைக் காட்டி என் வாயை அடைத்தார். அடுத்த மாடியில் நிறுத்தி, "பாத்து இறங்கு" என்றார். மேலே ஏதோ உரசுகிற சத்தம் கேட்கிறது, என்னவென்று தெரியாமல் ஓட்டமாட்டேன் என்று மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார்.

அன்று மாலை நான்காம் மாடித் தையல்காரம்மா துணி மூட்டையோடு படியில் இறங்கும்போது சறுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. மறுநாள் கம்பெனி ஆட்கள் லிஃப்டை முழுக்கப் பிரித்துப் பார்த்தார்கள். பழுது எதுவும் இல்லை.

3

இங்கே எனக்குப் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வருகிறது. பழுது இருந்திருந்தால் அத்தானுக்குப் பொன்னாடை. இல்லாததால் பயந்தாங்கொள்ளி. அதே கை, அதே சுவிட்ச். நிறுத்திய நிமிடத்தில் அவருக்குத் தெரிந்தது அந்த உரசல் சத்தம் ஒன்றுதான். பெயர் மட்டும் எப்படி மறுநாள் மாறுகிறது?*

ஆஸ்பத்திரியில் தையல்காரம்மாவைப் போய்ப் பார்த்தேன். இனி மெஷினை மிதிக்க முடியுமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லையாம்.

"அவர் மேல கோவமில்ல. நீயும் உள்ளதான இருந்த? அந்தச் சத்தம் நிஜமாவே கேட்டுதா?"

கேட்ட மாதிரி இருந்தது. கேட்காத மாதிரியும் இருந்தது. நான்தான் பேசிக்கொண்டிருந்தேனே. தலையை இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

* 'நிதானம்' பொருந்துமா என்றும் பார்த்தேன். குடிக்காமல் இருக்கும் ஆளையும் நிதானமாக இருக்கிறான் என்கிறோம். அத்தான் குடிப்பதில்லை. அந்த அளவுக்குப் பொருந்தும்.

4

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "கேட்டுச்சுன்னு சொல்லிடு. பாத்துப் பேசு, அவ்வளவுதான்."

பின்னாலேயே வந்த அத்தான் கதவருகே நின்றார். இந்த வாரத்தில் ஆளே பாதியாகிவிட்டார்.

"கேக்கலன்னா கேக்கலன்னே சொல்லு. எனக்கே இப்ப கேட்டுதான்னு தெரியல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கதை எழுதுகிறவர் கதைக்குள் அழக்கூடாது என்பார்கள். வந்துவிட்டதே, என்ன செய்ய?

5

முடிவுகள்:

கேட்டது என்கிறேன். வேலை தப்புகிறது. தையல்காரம்மா நம்பிவிடுகிறார். அத்தான் நம்பவில்லை. தன் காதையே நம்பாமல், இனி எந்தச் சத்தத்துக்கும் அவர் கை சுவிட்சுக்குப் போகாது.

கேட்கவில்லை என்கிறேன். அக்கா என்னோடு

(எழுத முடியவில்லை.)

தெரியாது என்கிறேன். உண்மை அதுதான். ஆனால் அதிகாரியின் காதில் அது 'இல்லை' என்றுதான் விழும்.

6

விடிந்துவிட்டது. அதிகாரி மேலே, அக்கா வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். நான் கீழே லிஃப்ட் முன்னால் நிற்கிறேன். பரிசோதித்தாகிவிட்டது, ஓட்டலாம் என்று கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. படியில் போகலாமென்றால், அது தையல்காரம்மா விழுந்த படி.

இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், நீங்களும் என்னோடுதான் நிற்கிறீர்கள். கதவு திறந்திருக்கிறது. ஏறுங்கள்.

ஏறும்முன் ஒரு நொடி நின்று மேலே காது கொடுத்தீர்களே, பார்த்தேன். அதற்கு என்ன பெயர் என்று மட்டும் சொல்லுங்கள். அதிகாரியிடம் அதையே சொல்லிவிடுகிறேன்.