கொக்கியில் சங்கரலிங்கம்

பிராக் நகரத்தின் பழைய அரண்மனைக்குள் கணவன்மாரை விடுவதில்லை. குடை, முதுகுப்பை இவற்றோடு அவர்களையும் வாசலில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு போக வேண்டும். செண்பகமும் அப்படித்தான் செய்தாள். வாசலில் இருந்த பருத்த பெண்மணி சங்கரலிங்கத்தை ஸ்வெட்டர் காலரைப் பிடித்துத் தூக்கிக் கொக்கியில் மாட்டினாள். அவர் குரங்குக் குல்லாயைச் சரிசெய்துகொண்டார்.

"சுருக்கா பாத்துட்டு வா. ரூம்ல புளியோதரை ஊசிப்போயிரும்."

புளியோதரை கோவில்பட்டியிலிருந்து வந்தது. செண்பகத்தின் கல்யாணத்துக்கு வாங்கி, மாப்பிள்ளை பெண் பெயர் வெட்டிய எவர்சில்வர் தூக்குவாளியில், விமானம் முழுக்க அவள் மடியிலேயே உட்கார்ந்து வந்தது.

அரண்மனையில் கூரையெல்லாம் தங்க முலாம். ஒரு மண்டபத்தில் ராணி படுத்த கட்டில் இருந்தது.

"இங்க பாருங்களேன், நம்ம கட்டில விடச் சின்னது" என்று திரும்பிச் சொன்னாள். யாரும் இல்லை. மதுரைக்குப் போனாலும் மைசூருக்குப் போனாலும் அவர் விறுவிறுவென்று முன்னால் போய்விடுவார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் அவள் ஊர் சுற்றியிருக்கிறாள். இங்கே அந்த முதுகும் இல்லை. செண்பகத்துக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு மிச்ச மண்டபங்களையும் பார்த்தாள். டிக்கெட் எடுத்தாயிற்றே.

திரும்பி வந்து டோக்கனை நீட்டினாள்.

"பேரைச் சொல்லிக் கூப்பிடணும்" என்றாள் பெண்மணி, செக் மொழியில்.

செண்பகம் புருஷன் பெயரை வாயால் சொன்னதே கிடையாது. ஆஸ்பத்திரியில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்லுவாள். "என்னங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அங்கே தொங்கிய தமிழ்நாட்டுக் கணவன்மார் அத்தனை பேரும் "ம்" என்றார்கள். எல்லா "ம்"மும் ஒரே மாதிரி இருந்தது.

வேறு வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு "சங்கரலிங்கம்" என்றாள். காதெல்லாம் சூடாகிவிட்டது.

பெண்மணி அவரை இறக்கி நிறுத்தினாள். "இப்ப நீங்க இவங்க பேரைச் சொல்லுங்க. சொல்லாட்டி ரெண்டு பேரும் இங்கேயேதான்."

அவர் எப்போதும் "இந்தா" என்றுதான் கூப்பிடுவார். செண்பகம் அவர் வாயையே பார்த்தாள். ராணியின் அரண்மனையை எழுதிக் கொடுத்தாலும் அப்போது அவளுக்கு வேண்டாம், அவர் வாயிலிருந்து அந்த ஒரு பெயர் வந்தால் போதும். அவர் குல்லாயைக் கழற்றிவிட்டு யோசித்தார். மாட்டிக்கொண்டு யோசித்தார்.

"எங்க வீட்டுல" என்றார் கடைசியில்.

பெண்மணி அவரைப் பழைய கொக்கியிலும் செண்பகத்தை அடுத்த கொக்கியிலும் மாட்டினாள். கழுத்தில் கொஞ்சம் இறுக்கியது, மற்றபடி வசதிதான். கல்யாண மேடைக்குப் பிறகு இருவரும் இவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததில்லை. இப்போதாவது ஞாபகம் வருமா என்று அவள் காத்திருந்தாள். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவைச் சாத்தப் போகும் நேரத்தில் தூக்குவாளி வந்து சேர்ந்தது. ஓட்டலிலிருந்து பாலத்தைத் தாண்டி மேடேறி வந்ததில் அதன் மூடியெல்லாம் வேர்த்திருந்தது. தன்மேல் வெட்டியிருந்ததை அப்படியே சொன்னது.

"சங்கரலிங்கம், செண்பகம்."

பெண்மணி இருவரையும் இறக்கிவிட்டாள்.

"செண்பகம்" என்று அவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "நல்ல பேராத்தான் இருக்கு."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார். தூக்குவாளி செண்பகத்தின் பக்கத்திலேயே நடந்து வந்தது. பாலத்துக்கு வந்ததும் அவள் அதனிடம் ராணியின் கட்டிலைப் பற்றிச் சொன்னாள்.

"அகலம் எவ்வளவு இருக்கும்?" என்று அது கேட்டது.