கொலுவேறிய மேஜை

எனக்குக் கோபம் வந்தால் நான் பேச மாட்டேன், என் பாத்திரங்கள் பேசும். தொண்ணூற்றைந்தாம் வருஷத்துப் புரட்டாசியில் எங்கள் மயிலாப்பூர் வீட்டுப் பாத்திரங்கள் ஓயாமல் பேசின. பக்கத்து ஆத்து மாமி சுவரைத் தட்டி, "ஜானு, எல்லாம் க்ஷேமம்தானே?" என்று கேட்கும் அளவுக்குப் பேசின. அத்தனைக்கும் காரணம் ஒரு மேஜை.

நானும் ஷாகிராவும் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் மின்விசிறிக்கும் மிக்சிக்கும் செம்புக் கம்பியால் காயில் சுற்றிக்கொண்டிருந்தவர்கள். பதினைந்து வருஷம் அருகருகே நின்று வேலை பார்த்தோம். நின்று என்றால் நின்றேதான். உட்கார்ந்து வேலை செய்கிறவளை அங்கிருந்த மேஸ்திரி வேலைக்காரி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். திடீரென்று ஒருநாள் முதலாளி பட்டறையை ஓசூருக்குத் தூக்கிக்கொண்டு போனார். வர முடியாதவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார். நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. மந்தைவெளியில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து, மிக்சி, ஃபேன் ரிப்பேர் என்று போர்டு எழுதக் கொடுத்தோம்.

முதல் பெரிய வேலையும் உடனே வந்தது. புரட்டாசியில் கல்யாணம் கிடையாது என்பதால் மண்டபக்காரர்கள் அப்போதுதான் விசிறிகளைக் கழற்றுவார்கள். லஸ் பக்கத்து மண்டபம் ஒன்று தன் விசிறிகளை மொத்தமாக எங்களிடம் கொடுத்தது. ஐப்பசி முதல் முகூர்த்தத்துக்குள் அவை தலைக்கு மேலே சுழன்றாக வேண்டும். காயில் சுற்றும் மெஷின் ஆளுக்கொன்று எங்களிடம் இருந்தது. அவற்றை மாட்ட ஒரு மேஜைதான் இல்லை.

இங்கே என் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் பங்குனியில் அறுபத்துமூவர் திருவிழாக் கூட்டத்திலிருந்து வெளியே வந்தபோது ஒரு ஆட்டோ என்னை இடித்துத் தள்ளியது. வலது தொடைக்குள் கம்பி வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் முழங்கால் முழுசாக மடங்காது, கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல நின்றால் இடுப்பிலிருந்து கீழே நெருப்பு இறங்கும். இந்த வலியை நான் ஒரு ஜீவனிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஷாகிரா என்னை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, "நீ பில்லு எழுதுக்கா, போதும்" என்பாள். அன்போடுதான் சொல்வாள். அந்த அன்புதான் எனக்குப் பயம். காயில் சுற்றாத ஜானகி யாருக்கு வேண்டும்? எனக்கே வேண்டாம்.

மேஜை பார்க்க இரண்டு பேரும் தி. நகர் போனோம். ஒரு கடையில் அட்டைப்பெட்டிக்குள் மேஜையே இருந்தது. நாலு இரும்புக் கால், பலகை, ஒரு பொட்டலம் நட்டு போல்ட்டு, ஒரு ஸ்பேனர். வீட்டுக்குக் கொண்டுபோய் நாமே முடுக்கிக்கொள்ள வேண்டியதுதான். மாதிரிக்கு ஒன்றை மாட்டியும் வைத்திருந்தார்கள். ஷாகிரா அதை இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினாள்.

"இன்னாக்கா இது, இந்த ஆட்டம் ஆடுது? இதுல மெஷின மாட்டி சுத்துனா பரதநாட்டியம்தான். கம்பி அறுந்துக்கினே இருக்கும். எங்க மச்சானோட மரக்கடைல பழைய வாசக்கால் கட்டை கீது, நல்ல தேக்கு. நம்மளே செஞ்சுக்கலாம். இன்னா ஒசரம் வேணுமோ அந்த ஒசரத்துக்கு."

உயரம் என்ற வார்த்தையில்தான் நான் உஷாரானேன். நாமே செய்வதென்றால் அளவு கேட்பார்கள். நின்று வேலை செய்யவா, உட்கார்ந்தா என்று கேட்பார்கள். பெட்டி மேஜை ஒன்றும் கேட்காது. எல்லாருக்கும் ஒரே உயரம், நிற்கிற உயரம். நானும் எல்லாரையும் போல நின்றுவிட்டுப் போகிறேன்.

"அதெல்லாம் வேண்டாம். மரம் அறுத்து, இழைச்சு, எப்போ முடியறது? பெட்டியப் பிரிச்சா மேஜை," என்று ஒரே போடாகப் போட்டேன். ஷாகிரா என் முகத்தைப் பார்த்தாள். நான் வம்புக்கு நிற்கும் முகம் அவளுக்குத் தெரியும். பெட்டியின் மறுமுனையைத் தூக்கினாள்.

கடை அறையில் அப்போதுதான் தரைக்குச் சிமெண்டு பூசியிருந்ததால் பெட்டி என் வீட்டுக்கு வந்தது. என் கணவர் சந்திரமௌலி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தசரா லீவுக்கு முந்தின சனி, ஞாயிறில் கூடத்தில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்து முடுக்கிவிட்டார்.

"ஜானு, நின்னு பாரு, உனக்குச் சரியா இருக்கான்னு."

நின்றேன். கையை வைத்து மெஷின் சுற்றுவதுபோலச் சுற்றிக் காட்டினேன். "கச்சிதமா இருக்கு" என்றேன். அதற்குள் தொடைக்குள் இருக்கும் கம்பி எனக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. பால் பொங்கும் என்று சாக்குச் சொல்லி உள்ளே போய் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் கடையில் தரை காய்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, மேஜையைக் கொண்டுபோக மீன்பாடி வண்டிக்கும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் கொலு வைத்தாகிவிட்டது. எங்கள் வீட்டில் கொலு அவர் ஜம்பம். படி கட்டுவது, வேஷ்டி விரிப்பது, தசாவதாரத்தை வரிசை பிசகாமல் வைப்பது எல்லாம் அவரே. வருஷா வருஷம் மேல் படிக்குச் சாப்பாட்டு மேஜை மேல் டிரங்குப் பெட்டியை ஏற்றுவார். இந்த வருஷம் டிரங்குப் பெட்டி கட்டிலுக்கடியிலேயே இருந்தது. நான் போய் மேல் படியின் வேஷ்டியைத் தூக்கிப் பார்த்தேன். இரும்புக் கால்.

"ஏன்னா, என்ன பண்ணி வெச்சிருக்கேள்?"

"மேல் படி. டிரங்குப் பெட்டி எப்பவும் ஒரு பக்கம் சாஞ்சுக்கும். இது நன்னா அமைஞ்சுடுத்து."

"அது என் கடை மேஜை! வண்டி வந்துண்டிருக்கு!"

"அடடா," என்று தலையைச் சொறிந்தார். "கலசம் வெச்சாச்சே ஜானு. இனிமே விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையப் படுக்க வெச்சப்பறம்தானே படியைத் தொடலாம்?"

வைத்த கொலுவை நடுவில் கலைப்பது எங்கள் தெருவில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். அதுவும் கலசம் மேல் படியில், என் மேஜை மேலேயே இருந்தது. நான் கோபத்தில் வண்டிக்காரனைத் திருப்பி அனுப்பினேன், அண்டாவை நங்கென்று வைத்தேன், அவருக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல் காபி கொடுத்தேன். மனுஷர் அதையும் ரசித்துக் குடித்தார்.

ஷாகிராவாவது என்னோடு சேர்ந்து திட்டுவாள் என்று பார்த்தால், கேட்டுவிட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சாமி குந்திக்கினு கீது, எழுப்பவா முடியும்? உடுக்கா. மச்சான் கடைக்குப் போறேன். நீ பழைய காயில்லாம் பிரிச்சு வையி. மேஜைய நானும் சாரும் பாத்துக்கறோம்."

"அவரா? அவருக்கு என்ன தெரியும்?"

"அளவு போடத் தெரியும்ல, கணக்கு வாத்தியாரு."

அளவு! பட்டறையில் இருந்த உயரத்துக்கே செய்வாள், வேறென்ன செய்யப்போகிறாள் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அன்று சாயங்காலமே கொலு பார்க்க வந்தாள். கூடத்தில் ஜமக்காளத்தில் பெண்கள் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். தரையில் உட்கார்ந்தால் என்னால் எழுந்திருக்க முடியாது, அத்தனை நேரம் நிற்கவும் முடியாது. மெல்ல நழுவி உள் அறைக்குப் போய், தையல் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்து வலது காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டேன். அப்பாடா என்று கண்ணை மூடியபோது ஷாகிரா சுண்டல் தட்டோடு வந்து நின்றாள்.

"இன்னாக்கா, எல்லாரும் அங்க பாடிக்கினு கீறாங்க, நீ இங்க குந்திக்கினு கீறே?"

"பிளவுஸ்ல ஒரு தையல் விட்டுப்போச்சு."

மெஷினில் துணியே இல்லை. நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். மெஷின் பலகையில் சாய்ந்து நின்றபடி சுண்டல் முழுவதையும் தின்று முடித்தாள். "தேங்கா சாஸ்தியா போட்டா ருசிதான்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

நவராத்திரி முடிவதற்குள் மேஜை தயார் என்று சொல்லி அனுப்பினாள். அதை மரக்கடையிலிருந்து நேரே எங்கள் கடை அறையிலேயே இறக்கியிருந்தார்கள். போனேன். பழைய வாசக்காலின் கட்டைகள் நாலு காலாக நின்றன. ஒன்றில் யாரோ எந்தக் காலத்திலோ பூசிய மஞ்சள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே இரண்டு விரற்கடைக் கனத்தில் பலகை. இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. பிறகுதான் உறைத்தது. மேஜை என் தொடை உயரத்துக்குத்தான் இருந்தது.

"அளவு தப்பா போட்டுட்டேள்!" என்று கத்தினேன். மூலையில் மரத்தூளைப் பெருக்கிக்கொண்டிருந்த என் கணவரைப் பார்த்துத்தான். "இதுல எப்படி நின்னு வேலை செய்யறது? இவ்வளவு நாளும் வீண்! மரமும் போச்சு!"

ஷாகிரா இரண்டு ஸ்டூல்களை இழுத்துப் போட்டாள். ஒன்றில் தான் உட்கார்ந்தாள்.

"குந்துக்கா."

"மாட்டேன்."

"கொஞ்சம் குந்தேன். பிடிக்கலன்னா ஒடச்சி அடுப்புல வெச்சுக்கலாம்."

உட்கார்ந்தேன். மற்ற மூன்று பக்கமும் கால்களுக்கு நடுவே குறுக்குக் கட்டை இருந்தது. என் பக்கம் மட்டும் இல்லை. வலது கால் தடையில்லாமல் நேராக உள்ளே போனது. உள்ளே போய் ஒரு சாய்வுப் பலகையில் குதிகால் தானாகப் படிந்தது. தொடையில் பாரமே இல்லை. பங்குனிக்குப் பிறகு வேலை செய்யும் இடத்தில் வலி இல்லாமல் நான் இருந்த முதல் நிமிஷம் அது. எனக்கு அழுகை வந்தது, வந்ததால் கோபமும் வந்தது.

"யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. துணியில்லாம தெச்சுக்கினு இருந்தியே, அப்பவே அந்த மெஷின் ஒசரத்த என் தொடைல அளந்துக்கினேன். சாரு அப்புறமா டேப்பு வெச்சி சரி பாத்தாரு."

"எனக்கு ஒருத்திக்காக எதுக்கு இப்படிக் குள்ளமா..."

"உனக்காகவா? நல்லா கீதே! பதினஞ்சு வருசம் நின்னு என் கால் மட்டும் இன்னா இரும்பா? அங்க மேஸ்திரி நிக்க வெச்சான், நின்னோம். இங்க யாருக்கா மேஸ்திரி?"

திரும்பி என் கணவரைப் பார்த்தேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"குளிச்சுட்டு வரச்சே சுவத்தைப் பிடிச்சுண்டு வரே. நான் பார்க்காமயா இருப்பேன்? கேட்டா எரிஞ்சு விழுவே. அந்த இரும்பு மேஜையைக் கடைக்கு விட்டிருந்தா பிடிவாதமா அதுலயே நின்னு காலைக் கெடுத்துண்டிருப்பே. எங்க ஒளிச்சு வெக்கறதுன்னு பார்த்தேன். அம்பாள்தான் கிடைச்சா."

ஒரு கணக்கு வாத்தியாருக்கு இவ்வளவு கள்ளத்தனம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சர்க்கரை போடாமல் கொடுத்த காபியெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. என்னை நோகடிக்காமல் எனக்கு நல்லது செய்ய இரண்டு பேர் சேர்ந்து நாட்கணக்கில் நாடகம் ஆடியிருக்கிறார்கள். இந்த ஜென்மத்தில் இதற்குமேல் யாரிடமும் எதுவும் கேட்க எனக்கு உரிமை இல்லை. அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். வாய்விட்டுச் சொன்னது என்னவோ, "சாய்வுப் பலகை இன்னும் ஒரு அங்குலம் இந்தப் பக்கம் வந்திருக்கலாம்" என்பதுதான். அவர் உடனே உளியை எடுத்தார்.

மண்டபத்து விசிறிகள் ஐப்பசி முதல் முகூர்த்தத்தில் சுழன்றன. ஆனால் எனக்கு மறக்காதது அந்த மேஜையில் வேலை செய்த முதல் மத்தியானம். எதிரும் புதிருமாக உட்கார்ந்து இருவரும் சுற்றிக்கொண்டிருந்தோம். தலைமயிர் மாதிரியான செம்புக் கம்பியை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி சுற்ற வேண்டும். நடுவில் தளரவிட்டால் அதுவரை சுற்றியது அத்தனையும் பாழ். பாதிக் காயிலில் என் கால் மரத்துப்போய், பிறகு குத்த ஆரம்பித்தது. எவ்வளவு நல்ல மேஜையானாலும் தொடைக்குள்ளே இருக்கிற கம்பி உள்ளேதான் இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டேன், பழக்கம். அப்புறம் கடிப்பதை விட்டேன்.

"ஷாகிரா," என்றேன். "கால் வலிக்கறதுடி."

அவள் ஐயோ என்று பதறவில்லை. தன் மெஷினை நிறுத்திக் கம்பியை முடிச்சிட்டு, பலகைக்கு மேலே கையை நீட்டினாள்.

"கம்பிய என்கிட்ட குடு. நான் புடிச்சுக்கினு கீறேன். ரெண்டு நடை நடந்துட்டு வா, உன் காயில நீயே முடி."

கம்பி தளராமல் அவள் விரலுக்கு மாற்றிக் கொடுத்தேன். எழுந்து, நன்றாகவே நொண்டிக்கொண்டு, வாசல்வரை நடந்துவிட்டு வந்தேன்.