உக்கிரதுங்கன் போயிட்டு வாரான்

உலகம் தோன்றுவதற்கு முன்பே உக்கிரதுங்கனின் மரணம் எழுதப்பட்டுவிட்டது. அதைத் தேவர்களாலும் மாற்ற முடியாது, அசுரர்களாலும் மாற்ற முடியாது. எழுதியவர் சேரன்மகாதேவி பத்திர எழுத்தர் அம்மையப்பன். எழுதிய காலம் போன ஆடி மாதம். ஆடியில் நிலம் பதிய யாரும் வருவதில்லை என்பதால் அவருக்குக் கை சும்மா இருந்தது.

சும்மா இருந்த கை நூற்று நாற்பது கார்டுகளைப் படைத்தது. ஒவ்வொன்றிலும் ஒரு வீரனோ, அரக்கியோ, மந்திரவாதியோ இருப்பார்கள். மேலே படம், நடுவில் பலத்துக்கு ஒரு எண், கீழே அவரவர் வரலாறு. பத்துப் பத்தாகப் பாக்கெட்டில் போட்டு, தெரிந்த பையன்கள் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தார். வேண்டாததைக் கொடுத்து வேண்டியதை மாற்றிக்கொள்ளலாம். ஆட்டத்தின் பெயர் ‘வஜ்ரபூமி மகாயுத்தம்’. இரண்டு பேர் ஆளுக்கொரு கார்டை எதிரெதிரே இறக்குவார்கள். பலம் குறைந்தது செத்து, மேசை ஓரத்திலுள்ள மயானத்துக்குப் போகும். யாருடைய ஆட்கள் முழுக்க மயானம் போகிறார்களோ அவர் தோற்றவர்.

வரலாறுகளை அம்மையப்பன் தமக்குக் கைவந்த நடையில் எழுதியிருந்தார். ‘பாதாளபுரம் இருளாசுரன் குமாரன் காலாசுரன், சுயநினைவுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும் உலகை அழிக்கப் புறப்பட்டான்.’ அவன் கோட்டைக்கு நான்கெல்லையும் உண்டு. கிழக்கே நெருப்பாறு, மேற்கே பொதுப்பாதை.

கதாநாயகன் உக்கிரதுங்கன் கதை மட்டும் கார்டுக்குள் அடங்கவில்லை. அவனுடைய மரண சருக்கமே பதினோரு பக்கம் வந்தது. ஆகவே ஒரு தனி விதி செய்தார்: உக்கிரதுங்கன் மடியும்போது ஆட்டம் நிற்கும், ஆசிரியர் எழுந்து சருக்கத்தை வாசிப்பார்.

சிவகாசியில் விளையாட்டுச் சாமான் கம்பெனி வைத்திருக்கும் பாக்கியசீலனிடம் போனில் இதைத்தான் அழுத்திச் சொன்னார். “அவன் சாகும்போது கண்ணீர் விடாத ஆளே இருக்க மாட்டாங்க அண்ணாச்சி.”

“நேர்ல வாரேன். கண்ணீரைப் பாத்துட்டு அச்சுப் போடுததைப் பத்திப் பேசுவோம்” என்றார் பாக்கியசீலன்.

அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, பேட்டையில் முத்துராணியின் கல்யாண மண்டபத்தில் போட்டி. மண்டபம் நாலு மணி வரை சும்மாதான் கிடந்தது. பதினான்கு பேர் ஆடி, மத்தியானத்துக்குள் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவன் மேலப்பாளையத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஆதில். உக்கிரதுங்கன் அவனிடம்தான் இருந்தான். மற்றவள் சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்த இசக்கிச்செல்வி, சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருஷம். அவனைவிடப் பலம் கூடிய காலாசுரன் அவளிடம்.

அம்மையப்பன் மைக்கைப் பிடித்து, “இன்னும் சற்று நேரத்தில் உக்கிரதுங்கனின் மரணம். அதைத் தொடர்ந்து மயானத்தில்...” என்றதும், அடுக்களைப் பக்கமிருந்து முத்துராணி வந்துவிட்டாள்.

“தம்பி, யாரு செத்தா?”

“கதாநாயகன்க்கா.”

“நாலு மணிக்கு இங்கன நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டுக்காரவுக வாசல்ல கால் வைக்கும்போது மரணம், மயானம்னு மைக்குல அலறுனா நல்லாருக்குமா? சாகணும்னா ரோட்டுல போய்ச் சாகச் சொல்லும்.”

மரணம்தான் காவியத்தின் சிகரம் என்று அம்மையப்பன் விளக்கினார். அவள் மைக் வயரைப் பிடுங்கி முழங்கையில் சுற்றிக்கொண்டே பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்து, சாகிற வார்த்தை ஒன்றுகூட இருக்கக்கூடாது என்றாள். எல்லாக் கார்டிலும் அடியில் ‘மடிந்தேன், மயானம் சேர்ந்தேன்’ என்று இருந்தது.

“அப்ப இதுக்குப் பதிலா என்னத்தக்கா எழுத?”

“வீட்டை விட்டுப் போறவுக என்ன சொல்லுவாக? போயிட்டு வாரேன்னு சொல்லுவாக. அதை எழுதும்.”

“மயானத்துக்கு?”

“வெளியூர்னு போடும்.”

பாக்கியசீலன் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணீர் வரும் என்று சொல்லியிருந்ததால் கைக்குட்டையை மடியில் விரித்திருந்தார். வேறு வழியில்லை. அம்மையப்பன் இருபது துண்டுக் காகிதத்தில், கிரயப் பத்திரம் எழுதுகிற முத்து முத்தான கையெழுத்தில், ‘போயிட்டு வாரேன்’ என்று எழுதி இருவர் கார்டுகளிலும் ஒட்டினார். பெயரில் என்ன இருக்கிறது, சருக்கத்தை மைக் இல்லாமல் வெறுந்தொண்டையிலேயே வாசித்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

ஆட்டம் நன்றாகத்தான் போனது. இசக்கிச்செல்வியின் ஆட்கள் ஐந்து பேர் வெளியூர் போனார்கள். அப்புறம் அவள் காலாசுரனை இறக்கினாள். உக்கிரதுங்கன் விழுந்தான்.

அம்மையப்பன் எழுந்தார். பதினோரு பக்கத்தையும் தட்டிச் சீராக்கினார். “அன்று சூரியன் தன் கிரணங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டான்...”

ஆதில் கையை நீட்டி, வெளியூரிலிருந்து உக்கிரதுங்கனை எடுத்து மறுபடி மேசையில் வைத்தான்.

“ஏலே, அதை எங்க எடுக்க?” என்றாள் இசக்கிச்செல்வி.

“வந்துட்டாம்லா.”

“செத்தவன் எப்படி வருவான்?”

“செத்தாம்னு எங்க இருக்கு? போயிட்டு வாரேன்னு இருக்கு. போனான். வந்துட்டான்.”

அவள் சண்டை போடுவாள் என்று அம்மையப்பன் நம்பினார். அவளோ விதித்தாளை எடுத்து முதல் விதியை உரக்கப் படித்தாள்: “கார்டில் எழுதியதே இறுதியானது. வாய்மொழி செல்லாது.” படித்துவிட்டு, தன் ஐந்து பேரையும் வெளியூரிலிருந்து அள்ளிக்கொண்டாள். “சரி, அப்ப எங்க ஆளுகளும் வந்தாச்சு.”

“அது ஒரு மரியாதைக்கு எழுதினதும்மா” என்றார் அம்மையப்பன்.

“மரியாதைக்கா? அப்ப நீங்க எழுதுத பத்திரத்துல ‘விற்றேன்’னு வருதே சார், அதுவும் மரியாதைக்குத்தானா?”

இருபத்திரண்டு வருஷத் தொழில் அவர் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆமாம் என்று சொன்னால் நாளைக்குச் சேரன்மகாதேவியில் எவன் பத்திரம் எழுத வருவான்? அவர் பைய உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு காலாசுரன்கூட ஒரு தடவை வெளியூர் போய் வந்தான். உக்கிரதுங்கன் நான்கு தடவை விழுந்தான். இரண்டாம் முறை ‘அன்று சூரியன்’ வரை வாசிக்க முடிந்தது. மூன்றாம் முறை தொண்டையைக் கனைத்ததோடு சரி. நான்காம் முறை பாதி எழுந்தார். ஐந்தாம் முறை எழவில்லை.

தோற்றுப்போன பன்னிரண்டு பேரும் மேசையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். “என்னவே துங்கன், சீக்கிரமா வந்துட்டீரு, பஸ் உடனே கெடச்சுதோ?” என்றான் ஒருவன். “காலாசுரனும் கூடத்தாம்லே வந்தான், ரெண்டு பேருக்கும் ஒரே சீட்டு” என்றான் இன்னொருவன். முத்துராணி தாம்பூலத் தட்டை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். “இப்பத்தான் பாக்கும்படியா இருக்கு” என்றாள்.

மூன்றே முக்காலுக்குப் பாக்கியசீலன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். அம்மையப்பன் சட்டென்று பதினோரு பக்கத்தையும் மறுபடி கையில் எடுத்தார். அப்புறம்தான் அவர் தோள் குலுங்குவதைக் கவனித்தார். மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார்.

“யாருவே ஜெயிச்சா?”

“யாரும் ஜெயிக்கலை அண்ணாச்சி. ஒருத்தனும் சாகமாட்டேங்கான்.”

“அதைத்தான்வே நானும் பாக்கேன். தோத்த பிள்ளை அழும். அழுத பிள்ளைக்கு அப்பன் அடுத்த பெட்டி வாங்கித் தரமாட்டான். இதுல தோக்கவே வழியில்லை. நான் அச்சுப் போடுதேன்.”

“மரண சருக்கம் அண்ணாச்சி? பதினோரு பக்கம்.”

“யாரு மரணம்?” என்றார் பாக்கியசீலன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் வேன் வாசலில் வந்து நின்றது. ஆட்டத்தை அப்படியே அள்ளிப் பைக்குள் போட்டார்கள்.

தை மாதம் சிவகாசியிலிருந்து பெட்டி வந்தது. அம்மையப்பன் கடையில் அன்று நல்ல கூட்டம். எல்லாருக்கும் தெரியும்படி நடுமேசையில் வைத்துப் பிரித்தார். உக்கிரதுங்கனுக்குக் கன்னம் இரண்டும் உப்பி, தோளில் ஒரு பை தொங்கியது. ஒரு கையைத் தூக்கி டாட்டா காட்டிக்கொண்டிருந்தான். காலாசுரனும் அப்படியே. வரலாறு இருந்த இடத்தில் பூப் போட்டிருந்தார்கள்.

“என்ன சார் எழுதியிருக்கு?” என்று கிரயம் முடிக்க வந்த ஒருவர் பெட்டியின் அடிப்பக்கத்தைக் காட்டிக் கேட்டார்.

அம்மையப்பன் வாசித்துக் காட்டினார். மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு. படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.