நடுவர் நாற்காலியில் கணவன்

அவள் தேநீர்த் தட்டோடு கூடத்துக்குள் நுழைந்தபோது கணவன் அவளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான். சோபாவிலும் கீழே கம்பளத்திலுமாக அவனுடைய ஷட்டில் கிளப் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வருடக் கடைசிக் கலப்பு இரட்டையர் போட்டியில் மனைவியோடு சேர்ந்து ஆடலாமே என்று பேக்கரிக்காரரின் மனைவி கேட்டிருக்கிறாள்.

"இவளுக்குத் தெரிஞ்ச ஒரே ஓட்டம் சோபாவிலேர்ந்து ஃபிரிட்ஜ் வரைக்கும்தான்," என்று, அவர்கள் குடியேறியிருந்த அந்த வெளிநாட்டு ஊரின் மொழியில் அவன் சொன்னான். அதிலும் பாதி வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள் என்று நடித்தும் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். பேக்கரிக்காரர் மட்டும் சிரித்த கையோடு தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று காலையில்தான், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "நானும் கத்துக்கட்டுமா, நாம சேர்ந்து ஆடலாமா?" என்று அவள் கேட்டிருந்தாள். புது நாட்டுக்கு வந்து மூன்று வருடமாக அவன் வேலை, அவன் கிளப், அவன் நண்பர்கள் என்று இருந்த வீட்டில் அவளுக்கென்று கேட்ட ஒரே விஷயம் அது. அவன் பதில் சொல்லாமல் பேட்டுக்குப் புதுப் பிடி சுற்றிக்கொண்டிருந்தான். பதில் சாயங்காலம் சபையில் வந்தது.

அவள் தட்டை வைத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் எத்தனை சர்க்கரை என்று விசாரித்துக் கலக்கிக் கொடுத்தாள். கணவனுக்கும் கொடுத்தாள். அவனுடையதில் சர்க்கரை போடவில்லை. அவன் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். அவள் சிரித்தாள்.

மறுநாள் அக்காவுக்குப் போன் போட்டபோது, அதே கிளப்பில் புதியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள்.

"பேட்டை எடுத்து அவர் மண்டையில ஒண்ணு போடுறதை விட்டுட்டு, அதை வச்சு விளையாடப் போறேங்கிற," என்றாள் அக்கா.

"மண்டையில போட்டா வீங்கி, ரெண்டு நாள்ல வடிஞ்சிடும்கா. எனக்கு வடியாத மாதிரி ஒண்ணு வேணும். சிரிச்ச அத்தனை பேர் முன்னாடியும் வேணும்."

"உன்னைக் கட்டினவர் பாவம்டி," என்று அக்கா சந்தோஷமாகச் சொன்னாள்.

கணவன் தடுக்கவில்லை. ஒரு மாதம் தாங்கமாட்டாய், முட்டி போய்விடும் என்றதோடு சரி. அவள் வகுப்பு வாரத்தின் நடுவில், அவன் ஆட்டம் வாரக் கடைசியில். அவள் என்ன கற்றுக்கொள்கிறாள் என்று எட்டிப் பார்க்கக்கூட அவன் வரவில்லை.

ஓட்டம் அவளுக்குக் கடைசிவரை சுமாராகத்தான் வந்தது. ஆனால் அவள் வேலை பார்த்த திரைச்சீலைக் கடையில் துணி உருளைகளை இறக்கி ஏற்றியே தோள் உரமேறியிருந்தது. சாட்டின் துணியைச் சுருக்கமில்லாமல் மடித்த விரல்களுக்கு, வலைக்கு அந்தப் பக்கம் ஷட்டிலை நைசாக விழவைப்பது பிடிபட்டது. வகுப்பிலிருந்த தபால்காரர் ஓட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ இப்படியே போட்டுக்கொண்டிரு என்றார். தெருத் தெருவாக நடக்கிற கால் அவருடையது. இருவரும் ஜோடியாகப் பெயர் கொடுத்தார்கள். கணவன் வழக்கம்போலப் பல் டாக்டரம்மாவோடு கொடுத்தான்.

அவளிடம் இன்னொரு சொத்தும் இருந்தது. வாரா வாரம் ஆட்டம் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால் கணவனுக்கு வாய் ஓயாது. டம்ளரை வலையாக்கி, ஸ்பூன்களை ஆட்களாக்கி, ஒவ்வொரு பாயிண்டையும் திரும்ப ஆடிக் காட்டுவான். இடது பின்மூலைக்கு வந்தால் புறங்கையால் அடிக்க வராது, சுற்றி வந்து முன்கையால்தான் அடிப்பேன் என்பதை ஒரு சாமர்த்தியமாகவே சொல்வான். அடுத்தடுத்து இரண்டு பாயிண்ட் போனால் கண் மண் தெரியாமல் ஓங்கி அடித்துவிடுகிறேன், அதை மட்டும் குறைக்கணும் என்பான். எதிரே உட்கார்ந்து குழம்பு ஊற்றுகிறவளுக்குக் காது இருக்கிறது என்று அவன் நினைத்ததே இல்லை.

போட்டியன்று அரையிறுதியில் இரண்டு ஜோடியும் மோதின. பள்ளிக்கூடத்து உள்ளரங்கம், மர பெஞ்சுகளில் கிளப் முழுக்க உட்கார்ந்திருந்தது. கணவன் முதலில் அவளுக்கு விட்டுக்கொடுத்து ஆடினான், குழந்தைக்குப் பந்து உருட்டுகிற மாதிரி. அவள் முதல் ஷட்டிலை அவனுடைய இடது பின்மூலைக்கு அனுப்பினாள். இரண்டாவதையும் அங்கேயே. அவன் சுற்றி ஓடினான். காலியான இடத்தில் தபால்காரர் தட்டிவிட்டார். அப்புறம் எல்லாமே அங்கேதான் போயின. அவன் ஓங்கி அடித்ததெல்லாம் கோட்டைத் தாண்டிச் சுவரில் மோதியது. பல் டாக்டரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நின்ற இடத்தில் நில்லுங்கள் என்று எல்லோரும் கேட்கச் சொன்னாள்.

பக்கம் மாறும்போது கணவன் அவள் அருகில் வந்தான். அங்கே வேறு யாருக்கும் தமிழ் தெரியாது.

"ஏய், ஒரே இடத்துல போட்டா என்ன ஆட்டம் இது? நாலு பேர் பார்க்கிறாங்கல்ல?"

"பார்க்கட்டும்ங்க," என்றாள். "மூச்சு வாங்குதே, கொஞ்சம் உட்கார்றீங்களா?"

கணவனும் பல் டாக்டரம்மாவும் தோற்றார்கள். ஆனால் அவனால் வீட்டுக்குப் போக முடியவில்லை. தனியாக நடுவர் வைக்க வசதியில்லாத கிளப் அது. கடைசியாக நடந்த அரையிறுதியில் தோற்ற ஆண் அதே கோர்ட்டில் இறுதி ஆட்டத்துக்கு நடுவராக உட்கார வேண்டும் என்பது வழக்கம். நடுவர் சொன்னதுதான் முடிவு. அவராக மாற்றிச் சொன்னால்தான் மாறும். கணவன் உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, மனைவி எடுத்த ஒவ்வொரு பாயிண்டையும் வாய்விட்டு எண்ணினான். ஒவ்வொரு தடவையும் குரல் ஒரு படி இறங்கியது. பெஞ்சிலிருந்து யாரோ, கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றார்கள். அவள் நிதானமாக வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அவன் திரும்பச் சொல்லும்வரை காத்திருந்தாள்.

எதிரே பேக்கரிக்காரரும் அவர் மனைவியும். சமமாகவே போன ஆட்டம், கடைசியில் அவர்களுக்கு ஒரே ஒரு பாயிண்ட் தேவை என்ற இடத்தில் வந்து நின்றது. அவள் உயரத் தூக்கி அடித்தாள். ஷட்டில் பேக்கரிக்காரரின் தலைக்கு மேலே போய், பின்கோட்டின் மேலேயே விழுந்தது.

"அவுட்," என்றான் கணவன். ஷட்டில் தரையைத் தொடுவதற்கு முன்பே அவன் கை நீண்டுவிட்டது.

பேக்கரிக்காரர் குனிந்து ஷட்டிலை எடுக்காமல், அது கிடந்த வெள்ளைக் கோட்டைக் காட்டினார். உள்ளே விழுந்தது, எங்களுக்கு இந்தப் பாயிண்ட் வேண்டாம் என்றார். அவர் மனைவியும் தலையாட்டினாள். எல்லா முகங்களும் நாற்காலியைப் பார்த்து நிமிர்ந்தன. கணவனின் காது மடல்கள் சிவந்தன. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தான்.

அவனை மாற்றிச் சொல்லவிட்டால் போதும், பாயிண்ட் அவளுக்கு வந்துவிடும். வாய்தவறிச் சொல்லிவிட்டேன் என்று அவன் சிரிப்பான், மற்றவர்களும் சிரித்து மறந்துவிடுவார்கள். அவளுக்கு அது தெரிந்தது. தபால்காரரிடம் மெதுவாக மன்னிப்புக் கேட்டாள். அவர் அவளையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரி என்று தோளைக் குலுக்கினார்.

அவள் வலையை நோக்கி நடந்து போய்க் கையை நீட்டினாள். "நடுவர் அவுட்னு சொல்லிட்டாரு. அவர் பேச்சுக்கு நான் மறுபேச்சு பேசினதே இல்ல," என்று அந்த ஊர் மொழியில், கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

பேக்கரிக்காரர் தயங்கித் தயங்கிக் கை குலுக்கினார். கோப்பையை வாங்கிய அவர் மனைவி அதைக் கையில் வைத்துக்கொள்ளவே கூச்சப்பட்டாள். ஆளாளுக்கு வந்து அவள் தோளைத் தட்டினார்கள். பல் டாக்டரம்மா அவளைக் கட்டிக்கொண்டு, அடுத்த வருடம் தன்னோடு பெண்கள் இரட்டையர் ஆட வேண்டும் என்று கேட்டாள். கணவன் நாற்காலியிலிருந்து இறங்கி, பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அந்தப் பக்கமாக இருந்தவர்கள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

காரை அவன்தான் ஓட்டினான். சிக்னலில் நின்றபோது, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நான் மாத்திச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீதான் விடல."

"தெரியும்ங்க," என்றாள் அவள். "அதனாலதான் விடல."