நாலு பத்துக்குப் போகும் படம்

...அப்படியென்றால் கோளாறு கரண்ட்டு வயரில் இல்லை, வயராக இருந்தால் மழைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி இருந்திருக்கும், காலை பத்து நாற்பது, சாயங்காலம் நாலு பத்து என்று கடிகாரம் பார்த்துப் போகாது, எந்தக் குரங்கும் தினம் இரண்டு வேளை அதே நிமிடத்துக்கு வந்து வயரைக் கடிப்பதில்லை, யோசி மேனகா, யோசி, இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. பங்களாவின் கல்படியில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்திருக்கிறேன், எதிரே கேட், கேட்டுக்குப் பக்கத்தில் இலை உதிர்த்த பேரி மரம், மரத்தில் கட்டிய கம்பத்தில் அந்தக் கேமரா, கை முட்டி அளவு இருக்கும், வயரில்லாமல் காற்றிலேயே ஹாலில் இருக்கும் ரூட்டரோடு பேசிக்கொள்ளும், ரூட்டர் அதைப் போன் லைன் வழியாக மலைக்குக் கீழே அனுப்பும், பழனி அடிவாரத்தில் லாட்ஜ் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டே சுவாமிநாதன் சார் செண்பகனூரில் இருக்கும் தன் கேட்டைப் பார்ப்பார். 2008-ல் இது நடக்கிறது, நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது, அவர் பார்க்கும் கேட்டை நான் தொட்டுக்கொண்டு நிற்கலாம்... ஆனால் தினம் இரண்டு தடவை படம் போய்விடுகிறது. ஆறு நிமிடம். பிறகு தானாக வந்துவிடுகிறது. அந்த ஆறு நிமிடத்துக்காகத்தான் ஒரு வேலை போகப்போகிறது, என்னுடையது இல்லை, இந்தப் பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் வேலம்மாவுடையது.

காலையில் சுவாமிநாதன் சார் போனிலேயே சொல்லிவிட்டார். மடியில் இருக்கும் தாள் அவர் அனுப்பியதுதான், நாலு வாரக் கணக்கு, எந்தத் தேதி எத்தனை மணிக்குப் படம் போனது என்று கேமராவே எழுதி வைத்தது. "ஞாயித்துக்கெழம மட்டும் போகல பாத்தியாம்மா? அன்னிக்கு அது மக வீட்டுக்குப் போயிரும். ஆளு இல்லாத அன்னிக்கு கேமரா ஒழுங்கா ஓடுது, ஆளு இருந்தா படுத்துருது. இதுக்கு மேல என்ன வேணும்? சுவிட்ச அமத்திட்டு எவனையோ உள்ள விடுது, வெட்டிப் போட்ட யூக்கலிப்டஸ் கட்டை பாதியக் காணோம். மிஷின்ல கோளாறு இல்லைன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, இன்னிக்கே அனுப்பிச்சிருவேன்." பதினொரு வருஷமாக இங்கே இருக்கிற அம்மா, தங்குவதும் பின்னால் இருக்கும் ஒற்றை அறையில்தான், வேலை போனால் அறையும் போகும். எங்கள் கடை முதலாளி கந்தவேல் அண்ணனும் அதையேதான் சொன்னார், ஸ்குரூ டிரைவரைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, "மிஷின் ஏம்மா டைம் பாத்துப் படுக்குது? கைதான். நீ போயி பாத்தேன்னு பேரு பண்ணிட்டு வெரசா வந்து சேரு, இங்க சோலி கெடக்கு." அவர் சொன்னவுடனேயே எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. கையில்லை என்று காட்டினால்? டெஸ்டில் ஒரு கணக்குக்கு விடை தெரிகிற மாதிரி இருந்து தெரியாமல் இருக்கும்போது வருமே ஒரு தவிப்பு, அதுதான், பஸ்ஸில் வரும்போது முழுக்க அதுதான், பஸ் மட்டும் மூடுபனியில் ஊர்ந்து பதினோரு மணிக்குக் கொண்டுவந்து விட்டது, பத்து நாற்பதைத் தவறவிட்டேன். ஆக நாலு பத்து ஒன்றுதான் மிச்சம்.

வந்ததிலிருந்து என்னென்ன பார்த்தாகிவிட்டது... கேமராவின் பின்பக்க இணைப்பில் பனித்தண்ணீர் இறங்கியிருக்கிறதா, இல்லை, உலர்ந்திருக்கிறது, இருந்தாலும் துடைத்து டேப் சுற்றினேன். கரண்ட்டு குறைகிறதா, மீட்டரை வைத்துப் பார்த்தேன், இருநூற்று இருபத்தைந்து வோல்ட், சரியாக இருக்கிறது. ரூட்டர் சூடாகிறதா, கொடைக்கானல் டிசம்பரில் எது சூடாகும்? ரூட்டர் கேமராவுக்குக் கொடுத்திருக்கும் முகவரி எண் மாறிப்போகிறதா, மாறாதபடி பூட்டினேன். ஏணியில் ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். ஒவ்வொன்றும் இல்லை, இல்லை, இல்லை என்று விழ விழ எனக்கு உற்சாகம் கூடிக்கொண்டே போகிறது, சோர்வு வரவேண்டியதுதானே, வரவில்லை, மதியம் கொண்டுவந்த தயிர்சாதத்தைத் திறக்கக்கூட மறந்துவிட்டேன். இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே இதுதான், எந்தக் கோளாறுக்கும் காரணம் ஒன்று உண்டு, மிஷினுக்கு ஆளைப் பார்த்து மாற்றிப் பேசத் தெரியாது, சரியாகக் கேட்டால் சரியாகச் சொல்லும். இப்போதுகூடக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன், லேப்டாப்பின் கறுப்புத் திரையில், வினாடிக்கு ஒரு தடவை, கேமராவே இருக்கிறாயா, இருக்கிறேன் என்று ஒரு வரி விழுகிறது, இருக்கிறாயா, இன்னொரு வரி, இதற்கு எங்கள் தொழிலில் பிங் என்று பேர், வரிகள் வெள்ளையாக இறங்கிக்கொண்டே இருக்கின்றன, ஒரு வரி வராமல் போகும் அந்த வினாடிக்காகத்தான் காத்திருக்கிறேன்.

வேலம்மா முற்றத்தில் பேரி இலைகளைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். ஆண்கள் போடும் ஸ்வெட்டர், தலையில் துண்டு, கால் விரல்கள் குளிரில் வெடித்திருக்கின்றன. நான் வந்து பையை இறக்கியதும் வாசலில் வந்து நின்று கேட்ட முதல் வார்த்தை, "தேத்தண்ணி குடிக்கிறீங்களா பிள்ளை?" தேத்தண்ணி... அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது, என் அம்மா சொல்வது, இலங்கையில் பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறும்போது துணிமூட்டையோடு கொண்டுவந்தது, பெரும்பாறையில் காப்பித் தோட்டத்தில் வேலைக்குப் போய், காப்பிக்கொட்டை மூட்டைக்கு மேலேயே உட்கார்ந்துகொண்டு தேத்தண்ணி குடித்த ஆள் எங்கள் அம்மா. ஆறாவது படிக்கும்போது ஹாஸ்டலில் நான் அந்த வார்த்தையைச் சொல்லி மொத்தச் சாப்பாட்டு அறையும் சிரித்தது, சிலோன்காரி சிலோன்காரி என்று ஒரு மாதம், அதற்குப் பிறகு டீ என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் டீதான். "வேணாம்மா, வேலை இருக்கு" என்றேன். "எந்தப் பக்கம் பிள்ளை?" என்று கேட்டதற்குப் பெரும்பாறை என்றேன். பொய்யில்லையே. முழுசாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பிறகு இன்னொன்றும் செய்தேன், அவர் அந்தப் பக்கம் போனதும் ஹாலுக்குப் போய் ரூட்டர் சுவிட்சின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டி, அதன்மேல் பேனாவால் என் கையெழுத்தைப் போட்டேன், யாராவது சுவிட்சைத் தொட்டால் டேப் கிழியும். அந்த அம்மா நிரபராதி என்று நிரூபிக்கத்தானே ஒட்டினேன்? ஆமாம், அதற்குத்தான்... பின்னே எதற்கு அவர் அந்தப் பக்கம் போகிறவரை காத்திருந்தேன்?

மணி நாலு. பள்ளத்திலிருந்து மூடுபனி மேலே ஏறி வந்து கேட்டின் கம்பிகளுக்குள் நுழைகிறது. நாலு மூன்று. வரிகள் இறங்குகின்றன. நாலு ஆறு. வேலம்மா துடைப்பத்தை மரத்தில் சாய்த்துவிட்டு, "குளிருதே பிள்ளை, இப்பவாச்சும் ஒரு வாய் குடிங்களேன், காலையில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல" என்கிறார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சரிம்மா குடுங்க என்கிறேன், அவர் உள்ளே போகிறார், போகிறார் என்று ஒரு மனசு குறித்துக்கொள்கிறது, ஹால் பக்கமா, சமையல்கட்டுப் பக்கமா, தெரியவில்லை, நாலு எட்டு, மூச்சு கேட்கிறது, என்னுடையதுதான், நாலு ஒன்பது, இருக்கிறேன், இருக்கிறேன், இருக்கிறேன், நாலு பத்து, இருக்கிறேன்... இல்லை. பதில் இல்லை. அடுத்ததும் இல்லை! எழுந்து ஓடுகிறேன், லேப்டாப்பைப் படியிலேயே போட்டுவிட்டு, செருப்போடு ஹாலுக்குள், சுவிட்ச், டேப், கையெழுத்து, கிழியவில்லை! ஒரு மயிரிழைகூடக் கிழியவில்லை, ரூட்டரின் பச்சை விளக்குகள் ஜம்மென்று எரிகின்றன, கை இல்லை, கை இல்லை கந்தவேல் அண்ணே, குதிக்கலாம் போலிருக்கிறது, அப்போதுதான் அந்தச் சத்தம், ம்ம்ம் என்று ஒரே சுருதியில், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

சமையல்கட்டு. ஜன்னலோரமாக மைக்ரோவேவ், உள்ளே மஞ்சள் விளக்கு, விளக்குக்குள் இரண்டு கண்ணாடிக் கிளாஸ்கள் மெல்லச் சுற்றுகின்றன, முன்னால் வேலம்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நான் ரூட்டர் இருக்கும் பக்கம் பார்க்கிறேன், ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்க்கிறேன், ஒரே நேர்கோடு, நடுவில் இந்தப் பெட்டி, ஐயோ, படித்திருக்கிறேனே, பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், கேமரா பேசும் அதே அலையில்தான் மைக்ரோவேவும் வேலை செய்கிறது, கேமரா பேசுவது கிசுகிசுப்பு, இது போடுவது கூச்சல், கூச்சலில் பேச்சு கேட்காமல் கேமரா தன்னைத் தானே அணைத்து மறுபடி எழுந்திருக்கிறது, அதற்குத்தான் ஆறு நிமிடம்! வேலம்மா என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார், "நான் ஒண்ணையும் ஒடைக்கல பிள்ளை. கேஸப் பூட்டிட்டுப் போயிருவாங்க. காலையில பின்னால அடுப்புல போட்டது ஆறிப் போகும், அதச் சுட வைக்கத்தான், ரெண்டு வேளையும் மணி பாத்துக் குடிச்சே பழகிருச்சு, அவங்க பேரப்பிள்ள லீவுக்கு வந்தப்ப இந்தப் பொத்தானக் காட்டிக் குடுத்துச்சு..." நான் சிரிக்கிறேன், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன், "நீங்க ஒண்ணுமே பண்ணலம்மா! ஒண்ணுமே பண்ணல!" ஓடிப்போய் லேப்டாப்பை எடுத்து ரூட்டரின் சேனலை மாற்றுகிறேன், பத்தாவதிலிருந்து ஒன்றாவதற்கு, கூச்சலுக்குத் தள்ளி, நாலு பதினாறுக்குக் கேமரா எழுந்திருக்கிறது, இருக்கிறேன், இருக்கிறேன், "அம்மா இன்னொரு வாட்டி போடுங்க", "வேணாம் பிள்ளை, வீட்டம்மா இதத் தொடவே கூடாதுன்னு சொல்லித்தான் வச்சிருக்காங்க, அவங்க சுத்தபத்தமா வச்சுப் பொழங்குறது", "ரெண்டே நிமிசம்மா, போடுங்க, போடுங்க", ம்ம்ம் என்று அது கத்துகிறது, வரிகள் ஒன்றுகூடத் தவறாமல் இறங்குகின்றன, ஜெயித்துவிட்டேன்.

செல் அடிக்கிறது. இந்த வளாகத்தில் கேட்டுக்குப் பக்கத்தில்தான் டவர் எடுக்கும், ஓடுகிறேன். "பாத்தியா, டாண்ணு நாலு பத்துக்குப் போயி இப்பத்தான் வருது, நான் சொல்லல?" என்று ஆரம்பிக்கிறார் சுவாமிநாதன் சார், நான் அவரை முடிக்கவே விடவில்லை, "சார் கண்டுபிடிச்சிட்டேன்! அவங்க சுவிட்சத் தொடவே இல்ல சார், டேப்பு ஒட்டிப் பாத்துட்டேன், யாரையும் உள்ள விடல, மைக்ரோவேவ் சார்! சமையல்கட்டுல மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் கேமராவுக்குக் கண்ணு தெரியல, இனிமே போகாது, சரி பண்ணிட்டேன்!" பஸ்ஸிலிருந்தே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த குரல் இது, கந்தவேல் அண்ணனுக்கும் சேர்த்துச் சொன்னேன், மலைக்கே சொன்னேன். அந்தப் பக்கம் லாட்ஜில் யாரோ ரூம் சாவி கேட்கும் சத்தம். பிறகு அவர் குரல், கோபமே இல்லாமல், "மைக்ரோவேவா... எங்க வீட்ல விரதத்துக்குன்னு தனியா வச்சிருக்கிறதாச்சே. அத யாரும்மா போட்டது?"

பனி கன்னத்தில் வந்து ஒட்டுகிறது. "படம் இப்ப சுத்தமா வருது, நீ நிக்கிறது நல்லாத் தெரியுது. பின்னால வர்றது வேலம்மாதான? கையில என்ன, ரெண்டு கிளாசு?" திரும்பிப் பார்க்கிறேன். முந்தானையால் பிடித்தபடி இரண்டு கிளாஸ்களோடு முற்றத்தைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறார், சிந்தாமல், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. வராதீர்கள் என்று கண்ணைக் காட்டலாம், காட்டினால் அதுவும் தெரியும், அவ்வளவு தெளிவாக வைத்திருக்கிறேன். ஒன்றை வாங்கிக்கொள்கிறேன், விரல் சுடுகிறது, இஞ்சி வாசனை. "எனக்குத்தான் சார். நான்தான் தேத்தண்ணி கேட்டேன்" என்கிறேன், அந்த வார்த்தை தானாக வந்தது, வேலம்மா சட்டென்று என் முகத்தைப் பார்க்கிறார். "என்னது?" என்கிறார் சார். நான் திருத்தவில்லை. "சரிம்மா, இன்னிக்கு உனக்கு. நேத்து நாலு பத்துக்கு யாருக்கு?"

சரியாப் போச்சா என்று வேலம்மா உதட்டை மட்டும் அசைத்துக் கேட்கிறார். படியில் லேப்டாப் திறந்தபடி கிடக்கிறது, இங்கிருந்து எழுத்து தெரியவில்லை, வெள்ளையாக இறங்குவது மட்டும் தெரிகிறது. காலையிலிருந்து நான் எதை எதைக் கேட்டேன், வயரை, மீட்டரை, ரூட்டரை, சுவிட்சை, வினாடிக்கு ஒரு தடவை அந்தக் கேமராவை... தினமும் நாலு பத்துக்கு என்னம்மா செய்வீர்கள் என்று இந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரே. பதினோரு மணிக்கே வாசலில் வந்து நின்று சொன்னாரே, குடிக்கிறீங்களா பிள்ளை என்று.

"ஹலோ, லைன்ல இருக்கியாம்மா?"

"இருக்கேன் சார்" என்றேன்.